எஸ்தர் புத்தகம்: பெயர் சொல்லப்படாத தேவனும் வணங்க மறுத்த மொர்தெகாயும்

கேள்வி: வேதபாடத் தோழி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வாலிபருக்கான வேதபாட வகுப்பை நான் நடத்திவருகிறேன். கடந்த நான்கு வாரங்களாக எஸ்தர் புத்தகத்தை வாசித்துவருகிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

முதல் கேள்வியைக் கேட்டவள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிற ஒரு பெண். "பத்து அதிகாரங்களிலும் தேவன் என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. உபவாசம் வருகிறது, ஜெபம் என்ற சொல் வரவில்லை. ராஜாத்தியாயிருந்த வஸ்தி தள்ளப்பட்டதும், அவளுக்குப் பதிலாக யூதப் பெண்ணாகிய எஸ்தர் தெரிந்துகொள்ளப்பட்டதும், ஒரு குறிப்பிட்ட இரவில் ராஜாவுக்கு நித்திரை வராமற்போனதும் தற்செயல் என்று ஒருவர் சொன்னால், அதை மறுப்பதற்கு வசனத்தில் என்ன இருக்கிறது? முடிவு நன்மையாக அமைந்துவிட்டதால் திரும்பிப் பார்த்து அதற்குத் தேவசெயல் என்று நாம் பெயர் வைக்கிறோம் அல்லவா?" என்று அவள் மரியாதையோடும் உண்மையான தேடலோடும் கேட்டாள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பதில் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது.

இரண்டாவது கேள்வி என் பாடத்தின் தலைப்பையே அசைத்துவிட்டது. எஸ்தரை வளர்த்த மொர்தெகாயைக் குறித்த பாடத்துக்கு நான் "தாழ்மையுள்ள தலைவன்" என்று தலைப்பிட்டிருந்தேன். ஒரு தம்பி மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துவிட்டு, "அக்கா, ராஜா கட்டளையிட்டும் அவருடைய பிரதானியாகிய ஆமானை வணங்க மாட்டேன் என்று நின்றவர் இவர்தானே? அந்த ஒரு மனிதனுடைய பிடிவாதத்தினால்தானே 127 நாடுகளிலும் இருந்த யூதர் எல்லாரையும் அழிக்கும்படி கட்டளை பிறந்தது? இதில் தாழ்மை எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். வசனம் சொல்லும் காரணமும் மிகச் சுருக்கமானது: தான் யூதன் என்று அவர் அறிவித்திருந்தார், அவ்வளவுதான்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது எது என்று சொல்லத் தெரியவில்லை. வேதத்தை ஆழமாகப் படித்தவர்கள் உதவுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1: எபிரேய மாணவன்

சகோதரிக்கு வாழ்த்துகள். அந்த மாணவியின் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எஸ்தர் புத்தகத்தின் நான்கு வசனங்களில், அடுத்தடுத்து வரும் எபிரேயச் சொற்களின் முதல் எழுத்துகளிலோ கடைசி எழுத்துகளிலோ கர்த்தருடைய நாமம் ஒளிந்திருக்கிறது என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதை அவளுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். நான்கே எழுத்துகள் ஒரு நீண்ட நூலில் அப்படி அமைவது எவ்வளவு எளிது என்பது புள்ளியியல் படிக்கிறவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எழுதியவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்ட பெயரை நாம் அவசரப்பட்டு எழுதிச் சேர்ப்பது, அந்தப் புத்தகத்துக்குச் செய்கிற மரியாதை அல்ல.

தற்செயல் அல்ல என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. அந்தப் புத்தகமும் நிரூபிக்க முயலவில்லை. ஆனால் சம்பவங்கள் தனித்தனியே வியப்பானவை என்பதைவிட, அவை எந்த வேளையில் நடக்கின்றன என்பதில்தான் எழுதியவர் நம் கண்ணை நிறுத்துகிறார். ராஜாவைக் கொல்ல இரண்டு பிரதானிகள் சதிசெய்ததை மொர்தெகாய் வெளிப்படுத்திய செய்தி, ராஜாவின் ஏழாம் வருஷத்தில் எஸ்தர் ராஜாத்தியான செய்திக்கு அடுத்ததாகச் சொல்லப்படுகிறது. யூதரை அழிக்க நாள் குறிக்கும்படி ஆமான் சீட்டுப் போட்டதோ ராஜாவின் 12ஆம் வருஷத்தில். அதாவது ஏறக்குறைய ஐந்து வருஷங்கள் அந்த உதவிக்கு எந்தப் பிரதிபலனும் கொடுக்கப்படவில்லை. பெர்சிய அரசவையில் இது இயல்பான மறதி அன்று. அகாஸ்வேரு என்று வேதம் அழைப்பவரை வரலாற்றாசிரியர் பலர் கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட செர்க்செஸ் என்றே கொள்கிறார்கள். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரைக் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே செர்க்செஸ், சிறப்பாகப் போரிட்ட கப்பல் தலைவர்களின் பெயர்களைத் தன் எழுத்தர்களைக் கொண்டு குறித்துவைத்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ராஜாவுக்கு நன்மை செய்தவர்களின் பெயர்களைப் பதிவதும், அவர்களுக்கு நிலமும் கனமும் அளிப்பதும் அந்த ஆட்சியின் வழக்கமாயிருந்தது. அப்படிப்பட்ட அரண்மனையில், ராஜாவின் உயிரையே காப்பாற்றியவனுடைய பெயர் புத்தகத்தில் ஏறியது. பலன் மட்டும் வரவில்லை. உரிய காலத்தில் அது கிடைத்திருந்தால், ஆறாம் அதிகாரத்தில் நித்திரை வராத இரவில் அந்தப் புத்தகம் வாசிக்கப்பட்டபோது, இவனுக்கு என்ன செய்யப்பட்டது என்று ராஜா கேட்பதற்கு ஒன்றும் இருந்திராது. மொர்தெகாய்க்கு அநியாயமாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்தத் தாமதமே, பின்பு ஒரு ஜனத்துக்கு வழி திறந்தது.

சீட்டின் காரியமும் அப்படியே. முதலாம் மாதத்தில் "பூர்" என்னும் சீட்டைப் போட்டபோது, அது 12ஆம் மாதமாகிய ஆதாரின்மேல் விழுந்தது. ஆமான் தன் தெய்வங்கள் குறித்துக்கொடுத்த நல்ல நாள் என்று அதை எண்ணியிருப்பான். ஆனால் அந்தச் சீட்டுதான் யூதருக்குப் பதினொரு மாத அவகாசத்தைக் கொடுத்தது. மூன்றாம் மாதத்தில், யூதர் தங்களைக் காத்துக்கொள்ள அனுமதிக்கும் இரண்டாவது கட்டளை எழுதப்பட்டுக் குதிரைகளில் எல்லா நாடுகளுக்கும் போய்ச்சேர நேரம் இருந்தது. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்கிற நீதிமொழியை எஸ்தர் புத்தகத்தின் ஆசிரியர் எங்கேயும் மேற்கோள் காட்டவில்லை. அதை அறிந்தவர்கள் வாசிப்பார்கள் என்று நம்பி விட்டிருக்கிறார்.

யூத ஆசிரியர்கள் இந்த மறைவை வேறொரு விதமாகவும் சிந்தித்தார்கள். உபாகமம் 31:18இல் "என் முகத்தை மறைக்கவே மறைப்பேன்" என்று கர்த்தர் சொல்லும் எபிரேயச் சொல், எஸ்தர் என்கிற பெயரைப் போலவே ஒலிக்கிறது. மோசேயின் ஐந்து புத்தகங்களாகிய தோராவில் எஸ்தர் எங்கே என்ற கேள்விக்கு, யூத ஆசிரியர்களின் போதனைத் தொகுப்பாகிய தால்மூத் அந்த வசனத்தையே சுட்டுகிறது. இது சொல்லாராய்ச்சி அல்ல. ஆனால் சிதறடிக்கப்பட்ட ஒரு ஜனம் தன் நிலையை எப்படி விளங்கிக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. முகம் மறைந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். முகமே இல்லை என்று சொல்லவில்லை.

இனி உங்கள் இரண்டு கேள்விகளையும் இணைக்கும் இடம் 4:14 என்று நினைக்கிறேன். "நீ இந்தக்காலத்திலே மவுனமாயிருந்தால், யூதருக்குச் சகாயமும் இரட்சிப்பும் வேறொரு இடத்திலிருந்து எழும்பும்" என்று மொர்தெகாய் எஸ்தருக்குச் சொல்லியனுப்புகிறார். அதில் தயக்கமே இல்லை. ஆனால் அதே வசனத்தின் முடிவில், நீ ராஜமேன்மை அடைந்தது இதற்காகவே இருக்கலாமே, "யாருக்குத் தெரியும்" என்கிறார். மீட்பு வரும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அது தன் மூலமாக வருமா, தான் வளர்த்த பெண்ணின் மூலமாக வருமா என்பதில்தான் அவர் எதையும் உறுதியாகச் சொல்லத் துணியவில்லை. இன்று மேடைகளில் பல வேளைகளில் இதற்கு நேர்மாறானதையே கேட்கிறோம்: தங்கள் அழைப்பைக் குறித்து மிகவும் நிச்சயம், தேவன் தங்களை விட்டால் வேறு வழி வைத்திருப்பாரா என்பதில் மிகவும் சந்தேகம். இதை மனவேதனையோடே எழுதுகிறேன்.

பதில் 2: புன்னைமரம்

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் விவிலியத்தின் இணைத்திருமறைப் பகுதியில் எஸ்தர் நூலின் கிரேக்க வடிவம் இருக்கிறது. எபிரேய மூலத்தில் இல்லாத நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் மொர்தெகாயின் மன்றாட்டும் எஸ்தரின் மன்றாட்டும் அடங்கும். அங்கே ஆண்டவருடைய பெயர் தாராளமாக வருகிறது. நித்திரை வராத அந்த இரவைக்கூட, ஆண்டவரே அரசனிடமிருந்து உறக்கத்தை அகற்றினார் என்று கிரேக்க வடிவம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

அந்தத் தம்பி கேட்ட கேள்வி புதியது அல்ல என்பதற்கு அந்த மன்றாட்டே சாட்சி. அதில் மொர்தெகாய், தான் ஆமானை வணங்க மறுத்தது செருக்கினாலோ புகழ் விரும்பியதாலோ அல்ல என்றும், இஸ்ரயேலின் மீட்புக்காக அவனுடைய உள்ளங்கால்களை முத்தமிடவும் தான் மனமுவந்து ஆயத்தமாயிருந்திருப்பதாகவும், கடவுளுக்குரிய மாட்சியை மனிதனுக்குக் கொடுக்கக் கூடாது என்றே மறுத்ததாகவும் ஆண்டவரிடம் அறிக்கையிடுகிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாசகர்கள் அதே இடத்தில் இடறியிருக்கிறார்கள், இவர் அகந்தையினால் மறுத்தாரா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு பதிலாகவே அந்த மன்றாட்டு எழுதப்பட்டது என்று தோன்றுகிறது. உங்கள் சபையில் இந்தப் பகுதியைத் திருமறையாக ஏற்பதில்லை என்பதை அறிவேன். ஆனால் பழைய காலத்து விசுவாசிகளின் வாசிப்பாகவாவது அதை அந்தத் தம்பிக்கு வாசித்துக்காட்டலாம். காலை முத்தமிடுவேன் என்கிற அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் இளகிப்போகிறது.

மறுமொழி: வேதபாடத் தோழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. "யாருக்குத் தெரியும்" என்ற சொல்லை இத்தனை வருஷங்களாக ஓர் ஊக்கமூட்டும் வாசகமாகவே பயன்படுத்திவந்தேன். அதில் ஒரு தலைவனுடைய தன்னடக்கம் இருப்பதைக் கண்டதில்லை. சகோதரி காட்டிய மன்றாட்டும் என்னைத் தொட்டது. ஆயினும் எங்கள் வாலிபர்கள் எபிரேய வடிவத்தின் பத்து அதிகாரங்களுக்குள் நின்றே பதில் கேட்பார்கள். அந்தத் தாழ்மை மொர்தெகாயின் செயலில் எங்கே தெரிகிறது என்று யாராவது காட்டக்கூடுமா?

பதில் 3: ஓய்வுபெற்ற எழுத்தர்

சகோதரிக்கு என் வணக்கம். நான் இறையியல் படித்தவன் அல்ல. 33 வருஷங்கள் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன். அந்தக் கண்ணோடு வாசித்தபோது எனக்குக் கிடைத்த மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

வணங்காமல் நின்றதைக் குறித்து முதலில் ஒரு வார்த்தை. மனிதருக்கு முன்பாகக் குனிவதை வேதம் பொதுவாகத் தடைசெய்யவில்லை. ஆபிரகாம் ஏத்தின் புத்திரருக்கு முன்பாகக் குனிந்தார். யாக்கோபு ஏசாவுக்கு முன்பாக ஏழுவிசை தரைமட்டும் குனிந்தார். ஆகவே ஆமான் ஆகாகியன், அதாவது அமலேக்கியரின் ராஜாவாகிய ஆகாகின் வழிவந்தவன் என்பதும், அமலேக்கியருக்கும் இஸ்ரவேலருக்கும் இருந்த பழைய பகையும் இதில் கலந்திருக்கலாம். மொர்தெகாய் செய்தது முற்றிலும் சரி என்று வசனம் புகழவும் இல்லை, தவறு என்று கண்டிக்கவும் இல்லை. அந்தத் தம்பியிடம் இதை அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். தாழ்மையை நான் வேறு இடத்தில் தேடுகிறேன்.

முதலாவது, 2:22. சதியைக் கண்டுபிடித்த மொர்தெகாய் அதை எஸ்தருக்கு அறிவிக்கிறார். எஸ்தர் அதை "மொர்தெகாயின் பேரால்" ராஜாவுக்குச் சொல்கிறாள். தன் செல்வாக்கை உயர்த்திக்கொள்ள அவளுக்கு எவ்வளவு எளிய வாய்ப்பு! ஒரு சொல்லைச் சொன்னவனுடைய பெயரால் அதைச் சொல்கிறவன் உலகத்துக்கு மீட்பைக் கொண்டுவருகிறான் என்று யூத ஞானிகள் இந்த வசனத்தை வைத்துத்தான் போதித்தார்கள் என்று அறிந்தபோது, நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏனெனில் பல மாதங்கள் உழைத்து நான் தயாரித்த ஒரு திட்டக் குறிப்பு, ஒருமுறை என் மேலதிகாரியின் பெயரில் மேலே சென்றது. பாராட்டும் அவருக்கே வந்தது. பத்து வருஷங்களுக்கு மேலாக அந்தக் கசப்பைச் சுமந்தேன். "அவனுக்கு ஒன்றும் செய்யப்படவில்லை" என்று ஊழியக்காரர் ராஜாவுக்குச் சொல்லும் வரியை வாசிக்கும்போதெல்லாம் அது என்னைப் பற்றிய வரி என்றே எண்ணினேன். ஆனால் மொர்தெகாய் அந்த ஐந்து வருஷங்களில் ஒருமுறையாவது தன் உதவியை ராஜாவுக்கு நினைப்பூட்டியதாக எழுதப்படவில்லை. தன் ஜனத்துக்கு அழிவு வந்தபோதுகூட, நான் ராஜாவின் உயிரைக் காத்தவன் என்று எஸ்தரிடம் சொல்லி அனுப்பவில்லை.

இரண்டாவது, 4:17. எனக்கு இந்தப் புத்தகத்திலேயே அருமையான வசனம் இதுதான். எஸ்தர் அவருக்கு அந்நியப் பெண் அல்ல. "சிறிய தகப்பன் குமாரத்தி", நம் முறைப்படி தங்கை. தாய் தகப்பன் இல்லாத அவளை மகளாக எடுத்து வளர்த்தவர் அவர். வளரும்போது அவர் சொற்கேட்டு நடந்ததுபோலவே ராஜாத்தியான பின்பும் அவள் நடந்தாள் என்று 2:20 சொல்கிறது. அந்த அளவுக்குப் பெரியவராயிருந்தவர், நான்காம் அதிகாரத்தில் அவள் பேசத் தொடங்கியதும் கேட்கிறார். தலைநகராகிய சூசானில் உள்ள யூதரைக் கூட்டுங்கள், மூன்று நாள் எனக்காக உபவாசியுங்கள், சட்டத்தை மீறி ராஜாவிடம் போவேன், "நான் செத்தாலும் சாகிறேன்" என்று அவள் கட்டளையிடுகிறாள். "அப்பொழுது மொர்தெகாய் புறப்பட்டுப்போய், எஸ்தர் தனக்குக் கற்பித்தபடியெல்லாம் செய்தான்." அதுவரை கற்பித்தவர் அன்று கற்பிக்கப்பட்டபடி செய்தார். பெண்பிள்ளை, இளையவள், நான் வளர்த்தவள் என்று எதையும் அவர் முன்வைக்கவில்லை. நம் வீடுகளிலும் சபைகளிலும் மூத்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை, மூத்தவனாகவே நின்று சொல்கிறேன்.

மூன்றாவது, 6:12. ராஜவஸ்திரம் உடுத்தி, ராஜாவின் குதிரைமேல் ஏற்றி, ஆமானே முன்னால் கூறிக்கொண்டு நகர வீதிவழியே அழைத்துச் சென்ற அன்று, அந்த ஊர்வலம் முடிந்ததும் என்ன நடந்தது? "பின்பு மொர்தெகாய் ராஜாவின் அரமனைவாசலுக்குத் திரும்பிவந்தான்." அவ்வளவுதான். காலையில் உட்கார்ந்திருந்த அதே இடம். கொண்டாட்டம் இல்லை, விருந்து இல்லை, பகைவனைக் குறித்து ஒரு வார்த்தையும் இல்லை. ஆமானுக்கோ செல்வமும் பிள்ளைகளும் பதவியும் இருந்தும், வாசலில் ஒரு மனிதன் எழுந்திராததைக் காணுமளவும் அவையெல்லாம் ஒன்றுமில்லாமற்போயின. ஒருவனுக்குக் கிடைத்த கனமும் அவனை மாற்றவில்லை. இன்னொருவனுக்குக் கிடைக்காத ஒரு வணக்கம் அவனைத் தின்றுவிட்டது. குனியாதவன் அகந்தையுள்ளவன் என்று அந்தத் தம்பி முடிவுசெய்யுமுன், இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 4: எபிரேய மாணவன்

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அவர் சொன்னதற்கு ஆதாரமாக ஒரு சிறு குறிப்பு: 2:20இலும் 4:17இலும் தமிழில் "கற்பித்த" என்று வருவதற்கு எபிரேயத்திலும் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது. எழுதியவர் அறிந்தே அந்த இரண்டு வசனங்களையும் எதிரெதிராக நிறுத்தியிருக்கிறார். 6:12க்குத் தால்மூத்தில் ஒரு விளக்கம் உண்டு: அவர் தம் துக்க உடையாகிய இரட்டுக்கும் உபவாசத்துக்கும் திரும்பினார் என்பது. இரட்டு உடுத்தியவன் அந்த வாசலுக்குள் வரக் கூடாது என்று 4:2 சொல்வதால் அதை எழுத்தின்படி எடுத்துக்கொள்வது கடினம். ஆனால் கட்டளை இன்னும் மாற்றப்படவில்லை, ஜனம் இன்னும் ஆபத்தில் இருக்கிறது, தனக்குக் கிடைத்த கனம் அவர்களுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை என்று அவர் அறிந்திருந்தார் என்கிற கருத்து மிகச் சரியானது.

உங்கள் வகுப்பு இன்னும் ஒன்பதாம் அதிகாரத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். அங்கே 75,000 பேர் கொல்லப்பட்ட செய்தி இருக்கிறது. அதை மெழுகிவிடாதீர்கள், வாலிபர்கள் அதைக் கண்டுகொள்வார்கள். ஆமானின் கட்டளையைத் திரும்பப்பெற முடியாத சட்டத்தின்கீழ், தாக்க வருகிறவர்களை எதிர்த்து நிற்க அனுமதி கொடுக்கப்பட்டது என்பதையும், அப்படியிருந்தும் அந்த எண் நம் மனதைக் கனக்கச் செய்வதையும் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் தவறாமல் காட்டுங்கள். கொள்ளையிடவும் ராஜாவின் கட்டளை அனுமதித்திருந்தது. ஆனால் அவர்கள் கொள்ளையில் கைவைக்கவில்லை என்று அந்த அதிகாரம் மூன்று முறை சொல்கிறது. மொர்தெகாய் பென்யமீனியன், அவர் முன்னோர்களில் கீஸ் என்பவர் சொல்லப்படுகிறார். இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுலின் தகப்பன் பெயரும் கீஸ். சவுல் ஆகாகை உயிரோடே விட்டு, கொள்ளையில் நல்லவற்றை எடுத்துக்கொண்டபோதுதான் தீர்க்கதரிசியாகிய சாமுவேல் அவனிடம், "நீர் உம்முடைய பார்வைக்குச் சிறியவராயிருந்தபோது அல்லவோ இஸ்ரவேல் கோத்திரங்களுக்குத் தலைவரானீர்" என்று கேட்டார். எஸ்தர் புத்தகத்தின் கடைசி வசனத்தில், ராஜாவுக்கு இரண்டாவதானவராக உயர்ந்த பின்பும் மொர்தெகாய் "தன் ஜனங்களுடைய நன்மையை நாடி" நடந்தார் என்று வாசிக்கும்போது, அந்தப் பழைய கேள்வி என் காதில் ஒலிக்கிறது. அந்த வசனம் இன்னொன்றும் சொல்கிறது: அவர் தம் சகோதரரில் திரளானவர்களுக்குப் பிரியமாயிருந்தார். எல்லாருக்கும் அல்ல, திரளானவர்களுக்கு. யூத உரையாசிரியர்கள் இந்தச் சொல்லை விட்டுவிடாமல் நின்று யோசித்திருக்கிறார்கள்.

மறுமொழி: வேதபாடத் தோழி

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. "தாழ்மையுள்ள தலைவன்" என்ற தலைப்பை நீக்கிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை தலைப்பு எதுவும் எழுதாமல், 2:20, 4:17, 6:12 ஆகிய மூன்று வசனங்களை மட்டும் பலகையில் எழுதி, கேள்வி கேட்ட தம்பியையே வாசிக்கச் சொல்லப்போகிறேன். புள்ளியியல் படிக்கிற பெண்ணிடம், நிரூபிக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அந்த ஐந்து வருஷத் தாமதத்தைப் பற்றிப் பேசுவேன். அவளுடைய தகப்பனார் இரண்டு வருஷங்களாக வர வேண்டிய ஒரு தொகைக்காகக் காத்திருக்கிறார் என்று இன்று காலையில்தான் அவள் தாயார் மூலம் அறிந்தேன். அவள் அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள் என்று இப்போது எனக்கு வேறு விதமாக விளங்குகிறது. அவளோடு வகுப்பில் பேசுவதற்கு முன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச நினைக்கிறேன், அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.